வரவேற்பறைத் திரையில் கௌசலா அக்கா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் அவசரபுத்தியில் பிறந்தது. நன்றாக உயிரோடிருந்த ஒரு பெண்மணியை, அதுவும் அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று, காலை எட்டு இருபதுக்கு வாட்ஸ்அப்பில் சாகடித்தவன் நான்தான்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்துக்கு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் வரவேற்பறையில் புதிதாக ஒரு திரை மாட்டியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை உள்ளே நுழைந்தேன். திரையில், கிள்ளான் நகரத்துக் கௌசலா அக்காவின் இளவயதுக் கறுப்பு வெள்ளைப் படம். படத்துக்குக் கீழே இரண்டு வரி முழுக்கக் காலிக் கட்டங்கள். அதற்கும் கீழே: 1956 – 2026.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? சொல்லுங்கள்.

நான் கைகட்டி ஒரு நிமிடம் நின்றேன். யோகா வகுப்புக்கு வந்த இரண்டு பேர் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பிறகு சங்கத்தின் குழுவில் எழுதினேன்: ‘கிள்ளான் கௌசலா அக்கா காலமானார். ஆழ்ந்த அனுதாபங்கள்.’ ஐந்து நிமிடத்தில் நாற்பது கும்பிட்ட கைகள் வந்தன. ஒருவராவது அக்கா வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாரா? கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியைச் சரிபார்ப்பதில்லை, கிளம்பிவிடுவார்கள். செத்த வீட்டுக்குப் போன் போடுவது மரியாதைக் குறைவு.

2

இதைக் கதையாக்கலாம் என்று உட்கார்ந்தபோது எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘மழை தூறிக்கொண்டிருந்தது. கிள்ளான் ரயிலில் ஜன்னலோரம்’ [தூறவில்லை. அன்று மண்டை பிளக்கும் வெயில்.]

‘லினக்ஸ் என்பது யாருக்கும் சொந்தமில்லாத, ஆகவே எல்லோருக்கும் சொந்தமான ஒரு’ [கட்டுரைப் போட்டியா இது? நிறுத்து.]

‘மரணம் என்பது ஒரு காட்சிப் பிழை என்றால்’ [இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.]

‘பிரேமினி அந்தச் சின்னக் கணினியைக் கையில் எடுத்தபோது அவளுக்கு வயது அறுபத்தெட்டு.’

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவரை ‘அவள்’ என்று எழுதுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ‘அவர்’ என்று போட்ட உடனே என் வாக்கியம் எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தொடங்குகிறது. அப்புறம் அந்த மனத்துக்குள் எப்படிப் போவது? ஆகவே அவள். கௌசலா அக்காவை மட்டும் ‘அவர்’ என்றே விட்டுவிடுகிறேன். அவர் விஷயத்தில் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட உரிமை போதும்.

3

சங்கத்தின் செயலாளர் நாகையா பெரிய தொலைக்காட்சி ஒன்றைச் சுவரில் மாட்டிய பிறகுதான் அதில் எதைக் காட்டுவது என்று யோசித்தார். பிரேமினியைக் கூப்பிட்டார்.

“ஏர்போர்ட்ல ஓடுற மாதிரி நம்ம ஹால்லயும் ஓடணும் லா. யோகா கிளாஸ், ஹால் புக்கிங், எல்லாம். நீங்கதான் டெலிகாம்ல இருந்தீங்களே.”

“டெலிகாம்ல இருந்தா டிவி பாப்பாங்கன்னு யாரு சொன்னா?”

“அப்ப முடியாதா?”

“முடியாதுன்னு சொன்னேனா? சனிக்கிழமை வரேன்.”

அவள் வேலைக்குச் சேர்ந்தது 1978இல், கிள்ளான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக. ஆபரேட்டர்களின் இடத்தை இயந்திரங்கள் பிடித்தபோது கூட இருந்த பெண்களில் பாதிப் பேர் கோப்பு அடுக்கும் வேலைக்குப் போனார்கள். பிரேமினி பரீட்சை எழுதிக் கணினிப் பிரிவுக்குப் போனாள். கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் அங்கே கையில் ஒட்டிக்கொண்டது, ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் விடவில்லை.

தொலைக்காட்சியை ஓட்ட அவள் கொண்டுவந்த கணினியைப் பெரிதாக நினைக்க வேண்டாம். சவர்க்காரப் பெட்டி அளவுதான். மெமரி கார்டில் லினக்ஸை ஏற்றி, அதைப் பெட்டிக்குள் செருகி, பெட்டியைத் தொலைக்காட்சியின் முதுகில் நைலான் பட்டியால் கட்டினாள். விசைப்பலகை கிடையாது, மவுஸ் கிடையாது, யாரும் தொடவே கூடாது. மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து, தானாக உலாவியைத் திறந்து, திரை முழுக்க அறிவிப்புகளைப் பரப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் வேலை.

சொல்லும்போது சுளுவாக இருக்கிறது. முதல் நாள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்துப்போனது. கணினி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறதாம். அந்தப் புத்தியை முதலில் நிறுத்தினாள். அடுத்ததாகச் சங்கத் தலைவரின் படத்தில் அவருடைய மூக்கு நுனியில் மவுஸ் அம்பு போய் உட்கார்ந்துகொண்டது. அதை மறைக்க அரை மணி நேரம். வாசலில் இருக்கும் காவலாளி வீட்டுக்குப் போகும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடும் ஆள் என்பதால் பதினோரு முறை பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பதினோரு முறையும் அது கோபித்துக்கொள்ளாமல் எழுந்தது. நாகையா கைதட்டினார்.

கடைசியாக, செந்தூலில் தன் வீட்டில் இருந்தபடியே அறிவிப்புகளை மாற்றவும் வழி செய்துகொண்டாள். பிசகு நுழைந்தது அந்த வழியாகத்தான்.

மூன்று வாரம் ஓடிய அறிவிப்புகள் எல்லாமே ஆங்கிலம். எங்கள் சங்கம் அப்படி. மேடையில் ஏறினால் தமிழ், சுவரில் ஒட்டினால் ஆங்கிலம். அதனால் அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்துரு இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. பிரேமினி அனுப்பிய முதல் தமிழ் அறிவிப்பு கௌசலா அக்காவுக்கான வாழ்த்து. வீட்டு மடிக்கணினியில் அது முத்து முத்தாகத் தெரிந்தது. பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள்.

(குறிப்பு: எழுத்துரு இல்லாவிட்டால் கணினி எழுத்துக்குப் பதிலாகக் காலிக் கட்டங்களைப் போடும். எண்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. எழுத்துருவை ஏற்றுவது இரண்டு நிமிட வேலையாம். மறுநாளே பிரேமினி வந்து செய்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் என்னிடம் பேசவில்லை.)

4

இந்தப் பகுதியைத்தான் அதிகம் அடித்துத் திருத்தினேன். பழைய நாட்களை எழுத உட்கார்ந்தால் என் பேனாவுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது.

எழுபது வயதாகும் உறுப்பினர் படத்தை ஒரு வாரம் திரையில் போடுவது நாகையாவின் யோசனை. “பிறந்த வருஷம், இந்த வருஷம், ரெண்டையும் போட்டுடுங்க, நடுவுல ஒரு கோடு” என்று சொல்லிப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு அவர் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பட்டியலில் முதல் பெயர் கௌசலா, கிள்ளான்.

பிரேமினி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேநீர் ஆடை கட்டிப்போனது. பிறகு அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள்.

1979. தொலைபேசி நிலையத்தில், துளை துளையான பலகைக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் கௌசலா, இளையவள் அவள். அக்காவின் தனிப்படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. தன்னை வெட்டி எடுத்தாள். எப்படி வெட்டினாலும் அக்காவின் தோளில் கிடந்த தன் கை மட்டும் மிஞ்சியது. அப்படியே விட்டாள்.

எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு துளையில் விளக்கு மினுங்கினால் கம்பியைச் செருகி “நம்பர் ப்ளீஸ்” என்று கேட்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் பிரேமினியின் புட்டு அக்காவுக்கு, அக்காவின் சம்பல் பிரேமினிக்கு. வேலை முடிந்ததும் தெங்கு கிளானா சாலையில் தேநீர், அரை முழம் மல்லிகை, கண்ணாடி வளையல் கடையில் சும்மா ஒரு விசாரிப்பு. பினாங்கு நிலையத்தில் கனத்த குரலில் பேசும் ஆபரேட்டர் ஒருவன் இருந்தான். இருவருக்கும் அந்தக் குரல்மேல் ஒரு கண். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஆளுக்கொரு சேலைகூட வாங்கினார்கள். கடைசி நேரத்தில் அக்கா வேண்டாம் என்றுவிட்டார். “மூஞ்சி நல்லா இல்லன்னா குரலும் போயிரும் பிரேமி. இருக்கட்டும், கேட்டுக்கிட்டே இருப்போம்.” அந்தச் சேலைகளைத் தீபாவளிக்குக் கட்டினார்கள்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

2004இல் கௌசலா அக்காவின் தாயார் இறந்தார். பிரேமினி அப்போது பினாங்கில் இருந்தாள், புதுக் கணினிகளைப் பழைய இடத்தில் மாட்டும் வேலை. மூன்று நாளைக்கு யாரும் நகரக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். இவளும் மீறவில்லை. நான்காம் நாள் வெள்ளைச் சேலையோடு போய் நின்றாள். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: “கல்யாணத்துக்கு வராட்டி ஏன் வரலன்னு கேப்பேன். செத்த வீட்டுக்கு வராதவகிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்கு?”

ஒரு கடிதம், மூன்று தீபாவளி வாழ்த்து அட்டைகள். எதற்கும் பதில் இல்லை. அதன்பின் பிரேமினிக்கும் வீம்பு வந்துவிட்டது. பிரேமினி வருகிறாள் என்பதால் அக்கா சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார். இருபத்திரண்டு வருடம் இப்படியே போனது. அந்தக் கேட்டுக்குள் ஒரு தடவை போய்விட வேண்டும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதுதான் பிரேமினியின் மனத்தில் இருந்தது. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன், ஆனால் தப்பாக எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

வாழ்த்தை ஆறு தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படி முடித்தாள்: ‘கௌசலா அக்காவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வாழ்த்து. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.’ யாராவது திரையைப் படம் பிடித்துக் கிள்ளானுக்கு அனுப்புவார்கள், அக்கா பார்ப்பார், அந்தக் கையை அடையாளம் கண்டுகொள்வார் என்று ஒரு கணக்கு.

5

வெள்ளிக்கிழமை எட்டு இருபது. செந்தூல் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் பிரேமினி தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே கொமுட்டர் ரயில் போகும் சத்தம். போன் அடித்தது. என் செய்தி.

தன் திரைதான் அந்தச் செய்திக்கு மூலம் என்று அவள் எப்படி நினைப்பாள்? அவளைப் பொறுத்தவரை அங்கே ஓடுவது வாழ்த்து. பிறந்தநாளன்றே போய்விட்டாரா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

[இங்கே ஒரு பத்தி முழுக்க அவள் அழுததை எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை. வெள்ளைச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி பட்டுச் சுண்டுவிரல் கொப்புளித்தது. அந்தக் கொப்புளத்தை நான் பார்த்தேன்.]

‘எப்ப எடுக்கிறாங்க?’ ‘எந்த ரோடு?’ என்று ஆளாளுக்கு அழைக்கத் தொடங்கியதும் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். செந்தூலில் ரயிலேறி, கிள்ளான் வண்டிக்கு மாற கேஎல் சென்ட்ரலில் இறங்கியபோதுதான் திரை ஞாபகம் வந்தது. ‘நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.’ செத்துப்போனவருக்கு அப்படி ஒரு வாழ்த்து வரவேற்பறை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். சங்கம் பத்து நிமிட நடை. போய் பிளக்கைப் பிடுங்கினால் போதும். ஆனால் கிள்ளான் வண்டிக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது. அதை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ தெரியாது. அக்காவை அதற்குள் எடுத்துவிட்டால்?

பிளாட்பாரத்தில் அவள் நிற்கிறாள். நிற்கட்டும். எனக்கு உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

6

ஒன்பதரைக்கு ஈப்போவிலிருந்து நாகையா என்னை அழைத்தார்.

“உங்களுக்கு என்ன பைத்தியமா? அது பர்த்டே லா!”

“பர்த்டேக்கு யாரு கறுப்பு வெள்ளைப் படம் போடுவா?”

“அவங்க சாகலங்க! பட்டியல் குடுத்தவனே நான்தான்!”

உடனே குழுவில் திருத்தம் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. நாற்பது நிமிடம் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, ‘தவறான தகவல்’ என்று எழுதுவதா ‘மகிழ்ச்சியான செய்தி’ என்று எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது. திருத்தம் போட்டிருந்தாலும் பிரேமினி பார்த்திருக்க மாட்டாள், போனை அணைத்துவிட்டாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அதனால் அது எனக்குச் சமாதானமாகாது.

கதைக்கு வருவோம். ஒரு முடிவு இப்படி: பிரேமினி சங்கத்துக்கு நடக்கிறாள். கட்டங்களைப் பார்க்கிறாள். ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், அழுகிறாள், எழுத்துருவை ஏற்றுகிறாள், திரையில் தமிழ் பூக்கிறது. எனக்கும் ஒரு திட்டு விழுகிறது. அழகான காட்சி, எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கப்புறம்? அக்கா உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் அவள் செந்தூலுக்குத்தான் திரும்பிப் போவாள். செத்த வீட்டுக்குப் போக அவளுக்கு வழி தெரியும். உயிரோடிருக்கும் அக்காவைப் பார்க்கப் போகத்தான் இருபத்திரண்டு வருடமாக வழி தெரியவில்லை.

இன்னொரு முடிவில் அக்கா நிஜமாகவே இறந்திருப்பார். அதையும் இரண்டு பக்கம் எழுதினேன். இலக்கியக்காரர்கள் பாராட்டுவார்கள். ஆனால் ஒரே பெண்மணியை இரண்டு தடவை சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இதுதான்: அவள் கிள்ளான் வண்டியில் ஏறினாள்.

7

இனி வருவதை நான் பார்க்கவில்லை. கௌசலா அக்காவின் பக்கத்து வீட்டில் இருக்கும் ரமணி சொன்னது.

அக்கா தனியாக இருப்பவர். காலையில் புதுச் சேலை கட்டி, தனக்குத்தானே கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வாசலில் கார் நின்றது. வெள்ளைச் சட்டையில் நான்கு பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அக்கா கரண்டியோடு வெளியே வந்து கேட்டார்: “யாரு செத்தது?”

நால்வரில் ஒருவர் கையிலிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

பிறகு பக்கத்து ஊரான மேருவிலிருந்து இரண்டு கார். பிறகு கூடாரம் போடுகிறவனின் லோரி, யாரோ நல்ல மனசுக்காரர் சொல்லி அனுப்பியது. அக்கா முதலில் திட்டினார், அப்புறம் சிரித்தார், அப்புறம் எல்லோரையும் உள்ளே உட்காரச் சொன்னார். கூடாரக்காரனுக்கும் கேசரி கிடைத்தது. “ஆன்ட்டி பர்த்டேக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க அங்கிள், நான் மட்டும்தான் போவேன்” என்றாள் ரமணி. “அன்னைக்கு முப்பது பேரு.” என் செய்தியால் நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அவள் என்னைத் தேற்றினாள்.

பதினொரு மணிக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கூட்டம் வந்து போய்க்கொண்டிருந்ததால் கேட் அகலத் திறந்து கிடந்தது. வெள்ளைச் சேலையில் பிரேமினி குனிந்த தலை நிமிராமல் கேட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, நேரே கூடத்துக்குள் வந்தாள். கால்மாட்டில் போய் நிற்க வேண்டும் என்று கண்ணால் தரையைத் தேடினாள். தரையில் யாரும் இல்லை. நிமிர்ந்தாள். தேநீர்த் தட்டோடு கௌசலா அக்கா.

(தட்டு விழுந்ததா என்று கேட்காதீர்கள். விழவில்லை. அக்கா அதை நிதானமாக மேசையில் வைத்தார்.)

“வந்துட்டியா?” என்றார்.

“வந்துட்டேன் அக்கா.”

“நான் செத்தாதான் வருவியா?”

பிரேமினி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ரயிலில் வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. அக்காவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், எழுப்ப இரண்டு பேர் வேண்டும், ஆனாலும் உட்கார்ந்தார். யாரோ சங்கத்துத் திரையைப் படம் பிடித்து அவருக்குக் காட்டியிருந்தார்கள்.

“அந்தப் படத்தில என் தோள்ல கிடக்கிறது உன் கைதானே?”

“ஆமா.”

“மூஞ்சியையும் போட்டிருக்கலாம்ல?”

“நீங்க என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு.”

“அம்மா போனப்ப நீ வரல. எனக்கு ரொம்பக் கோவம்.”

“தெரியும்.”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும் அக்கா.”

அவ்வளவுதான் பேசினார்கள் என்கிறாள் ரமணி. நான் நம்பவில்லை. இரண்டு பேரும் வாய்க்கு ஓய்வு கொடுக்காத ஆபரேட்டர்கள். ஆனால் கேட்காத பேச்சை எழுத எனக்கு வரவில்லை.

8

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்ற வார்த்தை அங்கே ஆகாது. வந்த சுவடு தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும்.

அன்று வந்தவர்களுக்கு இது பெரிய குழப்பமாகிவிட்டது. வந்தது சாவுக்கு, சாப்பிட்டது கேசரி. கிளம்பும்போது சொல்வதா, வேண்டாமா? வம்பு எதற்கு என்று முப்பது பேரும் சொல்லாமலே நழுவினார்கள். கூடாரக்காரன் மட்டும் “வரேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டானாம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். ரயிலுக்கு நேரமாகிறது என்று பிரேமினி எழுந்தாள். முற்றத்தில் இறங்கிச் செருப்பைப் போட்டாள். வெள்ளைச் சேலை கட்டிய பழக்கமோ, இருபத்திரண்டு வருடக் கூச்சமோ, அவளும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கேட் வரைக்கும் போய்விட்டாள்.

அக்கா கெந்திக் கெந்திப் பின்னாலேயே வந்தார். எட்டி அவள் முழங்கையைப் பிடித்தார்.

“பிரேமி, சொல்லிட்டுப் போ.”

ரமணி அந்த நேரம் பார்த்துத் தட்டுகளைக் கழுவ உள்ளே போய்விட்டாள். பிரேமினி என்ன சொன்னாள் என்று நான் அவளிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. பிரேமினியிடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. நானாக ஒரு பதிலை எழுதினேன். அது பொய்யாகத் தெரிந்தது. இன்னொன்று எழுதினேன், அது என் குரலில் இருந்தது. இந்தப் பெண்களைப் பற்றி நானாக ஒரு வரி எழுதி அனுப்பியதால் வந்த வினையே போதும். ஆகவே இந்தக் கடைசி வரி உங்களுடையது. இரண்டு வார்த்தை போதும். பிரேமினியின் வாயால் சொல்லுங்கள்.

கேட்டை ஒரு கையால் திறந்து பிடித்தபடி அக்கா நிற்கிறார். முழங்கால் வலிக்காரர். அதிக நேரம் நிற்க வைக்காதீர்கள்.